சட்டம் பிறந்த பங்குனி

எங்கள் மலையில் பெண்பிள்ளைகளைச் சின்ன வயதில் கட்டிக்கொடுக்கிற வழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள், முக்கியமாகக் கீழ்நாட்டுக்காரர்கள், "அந்தக் காலத்துல மலையில அப்படித்தானே இருந்திருக்கும்" என்று தலையை ஆட்டிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சல் வரும். அப்படி இல்லை. பெண் ஆளாகி, ஒரு சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் எங்களில் பரிசம் போடுவார்கள். என் அம்மா அப்படித்தான் கல்யாணமாகி வந்தாள். என் அத்தையும் அப்படித்தான் போனாள். எனக்கு மட்டும் பன்னிரண்டு முடிவதற்குள் நடந்தது. குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் சட்டம் போட்டதால் நடந்தது.

எங்கள் வீடு எடப்புளி நாட்டில் இருந்தது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். மலையெங்கும் விஷக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒருவர் என்று செத்துப்போன வருஷத்தில் நான் பிறந்தேன். பிறந்த கையோடு அம்மா அந்தக் காய்ச்சலில் போய்விட்டாள். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, குண்டூர் நாட்டிலிருந்து வந்து சில மாதம் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டாளாம். பிறகு எல்லாம் அப்பாதான். ஆட்டுப்பால் கொடுத்தது, முதுகில் கட்டிக்கொண்டு சாமைக்குக் களை எடுத்தது, சந்தைக்குப் போகிற அன்று எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டது, எல்லாம். அவர் வாருவது வலிக்கும். பின்னல் கோணலாக இருக்கும். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் காட்டிலிருந்து வரும்போது நான் களி கிண்டி வைத்திருப்பேன், சாப்பிடுவோம், படுத்துவிடுவோம். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதுவே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சட்டம் பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து மேலே ஏறி வந்தது. மிளகையும் பலாப்பழத்தையும் இறக்கிக் கொண்டுபோய் விற்றுவிட்டு ஆண்கள் அங்கே ஒரு ஜவுளிக்கடை வாசலில் உட்காருவார்கள். கடைக்காரர் பத்திரிகையைப் படித்துச் சொல்வார். புதிய சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் இன்னும் அமலுக்கு வரவில்லை, ஏப்ரல் மாதம் முதல் தேதியிலிருந்துதான் அமல் என்று அவர் படித்தார். அதில் பெண்ணுக்குப் பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் இருந்தது. அது மலை ஏறி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது வேறாக இருந்தது. இனிமேல் கல்யாணம் என்றால் பெண்ணைச் சேலத்துக்குக் கொண்டுபோய் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்ட வேண்டும், அவர் தொட்டுப் பார்த்து உத்தரவு கொடுத்தால்தான் தாலி, இல்லாவிட்டால் பெண்ணை சர்க்காரே எடுத்துக்கொள்ளும் என்று பேசிக்கொண்டார்கள். எவன் கிளப்பிவிட்டானோ தெரியாது. வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். வராத பெண்ணை வைத்திருந்தவர்கள் அதைவிட அவசரப்பட்டார்கள்.

அப்பா அவசரப்படுகிற ஆள் இல்லை. பலாப்பழம் தானாக விழட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற ரகம். அவரையும் இந்தப் பேச்சு ஆட்டிவிட்டது. டாக்டர் தொட்டுப் பார்ப்பது என்ற ஒன்றுதான் அவரை ஆட்டியது என்று நினைக்கிறேன். மாசி மாதத்தில் இரண்டு இடத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். ஒன்று, அம்மாவின் தம்பி. தாய்மாமன் உரிமையில் தன் மகனுக்குக் கேட்டார். அந்தப் பையன் என்னைவிடச் சின்னவன், மூக்கு ஒழுகுகிறதைத் துடைக்கத் தெரியாது. இன்னொன்று அத்தை. அத்தை விதவை. ஒரே மகன், அவருக்கு இருபது வயதுக்கு ஓரிரண்டு குறைச்சல், வாட்டசாட்டமாக இருப்பார், என்னைக் கண்டால் வாழைப்பழம் உரித்துக் கொடுப்பார். அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும்.

"அக்காகிட்டப் போனா அம்மாகிட்டப் போன மாதிரி," என்று அப்பா அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாமா எழுந்து போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணம் என்பது எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் போல, எனக்குச் சீக்கிரம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை மாசியிலேயே முடித்துவிடலாம் என்றாள். அதற்குள் எங்கள் நாட்டில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரையில் நாட்டுக்குள் கல்யாணம் கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்கக்கூட மாட்டார்கள். அந்த வருஷம் மழை பொய்த்திருந்ததால் திருவிழாவை வழக்கத்தைவிட நீட்டி வைத்தார்கள். அத்தைக்குப் பதற்றம். அப்பா அவளைச் சமாதானப்படுத்தினார்.

"சட்டம் ஏப்ரல் ஒண்ணுலதான பொறக்குது? ஏப்ரல்னா நம்ம சித்திரைன்னு ஜவுளிக்கடைக்காரரே சொன்னாருங்க. சித்திரை ஒண்ணு வருசப் பொறப்பு. பங்குனி முச்சூடும் நம்ம கையில கெடக்குது. காப்ப அவுத்த பொறவு பங்குனிக் கடைசியில வெச்சுக்கலாம்."

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்களுக்கு எல்லாமே சித்திரை முதல் நாளில்தான் பிறக்கும். குத்தகை பிறப்பது அன்று, மாடு மேய்ப்பவருக்குக் கூலி பேசுவது அன்று, கோயில் முறை கைமாறுவது அன்று. சர்க்காரும் ஒரு காரியத்தைத் தொடங்குவதென்றால் வருஷப் பிறப்பில்தான் தொடங்கும் என்று நினைத்தார்கள். ஏப்ரல் சித்திரைதான், ஆனால் இங்கிலீஷ் மாதத்தின் முதல் தேதி நம் பங்குனியின் பாதிக்குச் சற்றுப் பின்னால் வந்துவிடும் என்பது மலையில் ஒருவருக்கும் தெரியாது. மலையில் யாரிடமும் இங்கிலீஷ் தேதிக்கு வேலை இருந்ததில்லை. கையில் வேப்பிலையும் மஞ்சள் கயிறுமாக நாடே அடங்கி உட்கார்ந்திருந்த நாட்களில் ஒன்றில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் இல்லை. மற்ற நாள் போலத்தான் இருந்திருக்கும்.

காப்பை அவிழ்த்தார்கள், கல்யாணம் நடந்தது. சேலை எனக்கு நீளம். இடுப்பில் மடித்து மடித்துச் செருகியதில் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது, அதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். கொட்டுச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. தாலி கழுத்தில் ஏறியபோது அந்தக் கயிறு மஞ்சள் ஈரத்தோடு குளிர்ச்சியாக இருந்தது மட்டும் தெரியும். அப்பா வருகிறவர்களிடமெல்லாம், "சட்டத்துக்கு முந்திக்கிட்டமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெருமையாக எதையாவது சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மாமாவும் வந்திருந்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரைச் செய்தார், சாப்பிட்டார், போய்விட்டார்.

பெரியவளாகிற வரைக்கும் என்னை அப்பாவோடு விட்டு வைத்திருக்கலாம். ஆனால் அத்தை வீட்டில் கை போதவில்லை. "அங்க ஆம்பளயோட ஒண்டியாக் கெடந்து என்ன பண்ணப் போறா" என்று மறுநாளே அழைத்துப் போய்விட்டாள். குண்டூர் நாட்டில் நான் அத்தையோடு படுத்துக்கொண்டேன், அத்தையோடு எழுந்தேன். தண்ணீர் சுமந்தேன், கேழ்வரகு அரைத்தேன், காட்டுக்குப் போனேன். அத்தை கெட்டவள் இல்லை. அடித்ததில்லை. வேலையைச் சொல்வாள், செய்து முடித்தால் அடுத்ததைச் சொல்வாள். மகன் என்னைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் வேறு பக்கம் போய்விடுவார். வாழைப்பழம் உரித்துக் கொடுப்பதும் நின்றுவிட்டது.

நான் அழவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அழுகை வரும் என்று நானே காத்திருந்தேன், வரவில்லை. ஒரு கை மரத்துப்போனால் அதைத் தூக்கிப் பார்ப்போமே, அது யாருடைய கையோ போல இருக்குமே, அந்த மாதிரி நான் என்னைத் தூக்கித் தூக்கி வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டாரா என்று சாயங்காலங்களில் நினைப்பேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை ஒன்றுதான் எனக்குள் உணர்ச்சி என்று சொல்ல இருந்தது.

மாமா மிளகு விற்கக் கீழே போனபோது, பேளுக்குறிச்சியில் மனு எழுதுகிறவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் கல்யாணம் நடந்த தேதியை விசாரித்துவிட்டு, இது சட்டம் வந்த பிறகு நடந்த கல்யாணம், குற்றம் என்றாராம். மாமா அங்கேயே உட்கார்ந்து மனு எழுதச் சொல்லிவிட்டார். என் வயதுக்காக அவர் துடித்துவிடவில்லை. என்னைவிடச் சின்னவனான தன் மகனுக்கு என்னைக் கட்டியிருந்தால் அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்திருக்காது. சபையில் தன் பேச்சு எடுபடாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்காக ஒருவர்கூடச் சட்டத்தைக் கூப்பிடவில்லை, அது தானாகவும் வரவில்லை.

போலீஸ்காரர் சம்மனோடு மலை ஏறி வந்தார். ஏறி முடித்தபோது அவரால் பேசவே முடியவில்லை, அத்தைதான் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, அப்பா, அத்தை, அத்தை மகன் மூவரும் சேலம் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்றார். பெண்ணையும் அழைத்து வர வேண்டும் என்று என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

அப்பாவும் அத்தையும் முன்னதாகவே சேலம் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கோர்ட்டு நாளன்று நாங்கள் குண்டூர் நாட்டிலிருந்து இறங்கினோம். அப்பா பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், காய்த்துப்போயிருந்த என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், விட்டுவிட்டார். "சாப்புட்டயா சாமி?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பேளுக்குறிச்சியில் பஸ் ஏறினோம். நான் பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை. வாந்தி வரும் என்றார்கள், வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

பஸ்ஸில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோர்ட்டுல கேட்டா உனக்குப் பதினஞ்சுன்னு சொல்லோணுமாமா. வக்கீலு சொல்லச் சொன்னாரு."

பக்கத்தில் இருந்த அத்தை சேர்த்துக்கொண்டாள். "ஆமா கண்ணு. இல்லாட்டி உங்கய்யனப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. என்னையப் போட மாட்டாங்களாமா, பொம்பளைங்கள செயில்ல போட அந்தச் சட்டத்துல எடமில்லையாமா. அவனுக்கும் வயசு கம்மி, அவராதத்தோட விட்டுருவாங்க. உங்கய்யனுக்குத்தான்."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த நியாயம் நாட்டுப் பஞ்சாயத்து ஒன்றுதான். அங்கே ஒரு தப்பு நிரூபணமானால் முதல் காரியமாக அதைத் திருப்புவார்கள். அடுத்தவன் ஆட்டைப் பிடித்து வைத்திருந்தால் ஆடு முதலில் அதன் பட்டிக்குப் போகும், தண்டம் பிறகுதான். கல்யாணத்தில் தப்பு என்றாலும் அப்படித்தான், தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் மலையில் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அப்படியானால் என் வயது கம்மி என்று நிரூபணமானால் கல்யாணம் தப்பு. தப்பு என்றால் நான் வீட்டுக்குப் போவேன். அப்பா சிறைக்குப் போவார், ஆனால் சிறை ஒரு மாதத்துக்கு மேல் கிடையாது என்று வக்கீல் சொன்னதாக அத்தையே சொல்லியிருந்தாள். அது முடிந்துவிடும். நான் குண்டூர் நாட்டில் இருப்பதற்கு முடிவே கிடையாது. இதை நான் பன்னிரண்டு வயதில், பஸ் ஆட்டத்தில், ஆட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

கோர்ட்டில் கூட்டம். எங்களுக்காக இல்லை. உப்புக் காய்ச்சினவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திக்கொண்டே இருந்த வருஷம் அது. எங்கள் வழக்கை அதற்கு நடுவில் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் தமிழர்தான். களைத்த முகம், குரல் மட்டும் கனிவு. நான் கூண்டில் நின்றால் தலை தெரியவில்லை என்று வெளியே நிறுத்தினார்கள்.

"உனக்கு எத்தனை வயதம்மா?"

"தெரியலீங்க," என்றேன். அது உண்மை. மலையில் யார் வயதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

அப்பாவின் வக்கீல் எழுந்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். நான் முடித்திருக்கவில்லை.

"விஷக்காச்ச வந்த வருசம் பொறந்தேனுங்க. அந்தக் காச்சல்லதான் எங்கம்மா போனா."

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் எது என்று அந்த அறையில் தெரியாதவர்கள் இல்லை. எல்லோர் வீட்டிலும் யாராவது அதில் போயிருந்தார்கள். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வக்கீல் மறுபடி எழுந்து, சின்னப் பெண் பயத்தில் சொல்கிறாள், டாக்டரை வைத்து வயது பார்க்க வேண்டும் என்றார். மாஜிஸ்திரேட் அப்பாவிடம் திரும்பினார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"டாக்டரெல்லாம் வேண்டாமுங்க சாமி. புள்ள சொன்னது நெசமுங்க," என்றார் அப்பா. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

சித்திரை முதல் தேதி என்று நினைத்துவிட்டோம் என்று அப்பா சொன்னதை மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். எங்கள் நாட்டுக் காப்பைப் பற்றிக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சட்டம் எந்த நாளில் அமலுக்கு வந்தது என்று தெரியாமல் இருந்தது குற்றத்தை இல்லாமல் ஆக்காது என்றார். காப்புக்கு முன்னால் நடந்திருந்தால் இந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க தனக்கு அதிகாரமே இல்லை என்றும் சொன்னார். அப்பாவுக்கு மூன்று வாரம் வெறுங்காவல். அத்தைக்கும் அவள் மகனுக்கும் அபராதம். இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு அவர் அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சேவகர் வந்து, "போலாம் பாப்பா" என்றார். நான் நகரவில்லை.

"நா எங்கீங்க போறது?" என்று கேட்டேன்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "உன் புருஷன் வீட்டுக்குத்தான் அம்மா."

"கல்யாணந் தப்புன்னு சொன்னீங்களே?"

கையில் எடுத்த கட்டைக் கீழே வைத்தார். பிறகு, செய்து வைத்ததுதான் குற்றம் என்றார். நடந்த கல்யாணம் செல்லாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, அது செல்லும், அதை ரத்து செய்யத் தனக்கு அதிகாரம் கிடையாது என்றார். எனக்குப் புரிகிற தமிழில், மெதுவாக, நல்லபடியாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் மாஜிஸ்திரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. போலீஸ்காரர் அவர் தோளைத் தொட்டுக் கூட்டிப் போனார்.

பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்காரவில்லை. பேளுக்குறிச்சியில் இறங்கி மலை ஏறும்போது மூச்சு வாங்க நின்ற இடத்தில் மட்டும், "பெத்த அப்பன" என்று ஆரம்பித்தாள். அவள் மகன், "உடும்மா, அவ நெசத்தத்தான சொன்னா" என்றார். என் புருஷன் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிற்காலத்தில் நான் அவரோடு நாற்பது வருஷம் வாழ்ந்தேன், பிள்ளைகள் பெற்றேன், அவர் நல்ல மனுஷர். அதெல்லாம் வேறு கதை, அதனால் இது சரியாகிவிடாது.

தண்டனை முடிந்து அப்பா நேராகக் குண்டூர் நாட்டுக்கு வரவில்லை. முதலில் நாட்டுப் பெரியவர்களிடம் போய், கல்யாணத்தைப் பிரித்துவிடுங்கள், தண்டம் நான் கட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் ஒரே அமர்வில் முடித்திருப்பார்கள். இப்போது பயந்துவிட்டார்கள். சேலம் கோர்ட்டிலேயே செல்லும் என்று சொன்ன கல்யாணத்தை நாங்கள் பிரித்தால் எங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அத்தை வீட்டுக்கு வந்தார்.

நான் வாசலில் சாமை காய வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஓரமாக உட்கார்ந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சிறையில் எல்லோரும் உப்புக்காரர்கள், நீங்கள் எந்த ஊரில் உப்புக் காய்ச்சினீர்கள் என்று கேட்டார்கள், சொல்ல வெட்கமாக இருந்தது என்றார். நான் சாமையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று எப்போது கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"நீ பதினஞ்சுன்னு சொல்லியிருந்தாலும், இல்லீங்கன்னு நானே சொல்லியிருப்பேன் சாமி," என்றார். "அன்னிக்குப் பாறைகிட்ட உன்ற கையப் பாத்தப்பவே நெனச்சுக்கிட்டேன். தப்புன்னு ஆயிட்டா உன்னைய எங்கூட அனுப்பிருவாங்கன்னு."

"நானும் அதுக்குத்தாஞ் சொன்னேங்க, ஐயா."

அவர் தலையை ஆட்டினார். அத்தை உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் போய்ச் சாப்பிட்டோம். வெயில் சாய்வதற்குள் அவர் எடப்புளி நாட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் சாமையை அள்ளிப் புடைக்க உட்கார்ந்தேன்.